உடுப்புக் கடையில் காட்சி எடுபடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

காட்சி எடுபடவில்லை என்றதும் கடைக்காரருக்கு வரும் முதல் யோசனை புதுப் பொம்மை வாங்குவது, இல்லாவிட்டால் ஷோகேசில் இன்னும் நாலு லைட் போடுவது. இரண்டும் கடைசியாகச் செய்யவேண்டியவை. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கடைகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளில் பெரும்பங்கு துடைப்பதிலும் நகர்த்துவதிலும் குறைப்பதிலும் தீர்ந்துவிடும்.

ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வருகிறது. ஒன்றைத் திருத்தியதும் வீதிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். சரிவராவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். பெருநாள், தீபாவளி, சித்திரை வருடப்பிறப்பு என்று வியாபாரம் சூடுபிடிக்கும் கிழமையில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். மூன்று கிழமைக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

கையில் இருக்கவேண்டியவை: அளவு நாடா, துருப்பிடிக்காத குண்டூசி ஒரு பெட்டி, சிறிய கிளிப், தங்கூசி (மெல்லிய நைலோன் இழை), ரிசு பேப்பர், சோக்கு, உடுப்பை நீராவியால் நிமிர்த்தும் ஸ்டீமர் அல்லது அயன், கமரா உள்ள போன்.

அறிகுறி 1: பகலில் ஷோகேசுக்குள் இருப்பது தெரியவில்லை, கண்ணாடியில் வீதிதான் தெரிகிறது

காத்தான்குடியிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை பிரதான வீதி ஏறக்குறைய வடக்குத் தெற்காகவே ஓடுகிறது. அதனால் கடைகள் கிழக்கைப் பார்க்கும், அல்லது மேற்கைப் பார்க்கும். கிழக்கு வாசலுக்குக் காலை வெயிலும் மேற்கு வாசலுக்குப் பின்னேர வெயிலும் நேரே அடிக்கும். உங்கள் கடை எந்தப் பக்கம் என்பதை வைத்து, காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் எதிர்ப்பக்கத்தில் நின்று போனில் படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த நேரத்துக் கோளாறு என்பது தெரியும்.

இரண்டு நேரமும் மங்கல்: கண்ணாடி அழுக்காக இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி, வாடைக்காலத்தில் கடல் உப்பு, இரண்டும் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். கிட்ட நின்றால் தெரியாது. எதிர்ப்பக்கம் போனால்தான் வெள்ளை மூட்டமாகத் தெரியும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து துடைத்து, காய்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். வெயில் படும் நேரத்தில் துடைக்கவே கூடாது. தண்ணீர் துடைக்குமுன் காய்ந்து கோடு கோடாக நிற்கும். உள்பக்கத்தையும் துடைக்க மறந்துவிடுகிறார்கள்.

கண்ணாடி சுத்தம், ஆனாலும் வீதி தெரிகிறது: பின்னணியின் நிறம்தான் காரணம். கறுப்பு, கடும் நீலம், மரூன் திரை தொங்கினால் பகலில் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். இரவில் அழகாக இருப்பதால் பலர் அதையே விரும்புகிறார்கள். பகல் வியாபாரம் முக்கியம் என்றால் வெள்ளை அல்லது கிறீம் நிறத் துணியை இழுத்துக் கட்டுங்கள். கடும் நிற உடுப்பு இந்த வெளிர் பின்னணியில்தான் எடுத்துத் தெரியும். வெள்ளை உடுப்பு வைக்கும்போது மட்டும் இளஞ்சாம்பலுக்கு மாறுங்கள்.

பின்னணியும் வெளிர்: பொருள் பின்னுக்குப் போய்விட்டது. கண்ணாடியிலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடிக்குள் முக்கியமான பொம்மையைக் கொண்டுவாருங்கள். வெளியிலிருந்து வரும் வெளிச்சமே அதற்கு விழும். ஆனால் அங்கே வைத்த உடுப்பு வெயிலில் வெளிறும். அதற்கு அறிகுறி 4 ஐப் பாருங்கள்.

இன்னும் சரியில்லை: வெயிலைத் தடுக்கும் சாய்ப்பு வேண்டும். கண்ணாடிக்கு மேலே இரண்டரை முதல் மூன்றடி நீட்டு. அதன் அடிப்பக்கம் கடும் நிறமாக இருந்தால் வானத்தின் பிரதிபலிப்பு குறையும். வீதிப் பக்கம் நீளும் எதற்கும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லையையும் பார்க்கவேண்டும். அதன் பிறகே அலுமினிய வேலைக்காரர் அல்லது வெல்டிங் பட்டறைக்காரர்.

இரண்டு செலவுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பகலில் வெயிலோடு போட்டிபோட உள்ளே லைட்டைக் கூட்டுவது. நேர்வெயிலை எந்த பல்பும் வெல்லாது, மின்கட்டணம்தான் ஏறும். மற்றது, கண்ணாடிக்குக் கறுப்பு ரின்ட் ஒட்டுவது. உள்ளே இருட்டாகி வீதி இன்னும் தெளிவாகத் தெரியும்.

அறிகுறி 2: பொம்மையில் உடுப்பு தொங்குகிறது, சரிகிறது, உயிர் இல்லை

இந்தக் கோளாறுக்குப் பொம்மையைக் குறை சொல்லாத கடை இல்லை. உடுத்திய விதத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

உடுப்பின் அளவு: பெண் பொம்மைகள் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குல மார்பும் 24, 25 அங்குல இடையும் கொண்டவை. கையில் அகப்பட்டது என்று பெரிய அளவை மாட்டினால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும். தோள் தையல் பொம்மையின் தோள் முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஊசி குத்தி அழகு பார்ப்பதில் பயனில்லை. சின்ன அளவுக்கு மாற்றுங்கள்.

மாட்டிய முறை: காற்சட்டை முதலில். பொம்மையின் மேலுடலைக் கழற்றி வையுங்கள். இடுப்புப் பகுதியைத் தலைகீழாகப் பிடித்து, கால்களின் மேலால் காற்சட்டையை இறக்கி, நிமிர்த்தி, பிறகு அடித்தட்டில் பொருத்துங்கள். கணுக்காலுக்குக் கீழே கம்பி போகும் பொம்மை என்றால் சப்பாத்து போட முடியாது. கெண்டைக்காலில் கம்பி போகும் பொம்மையில் போடலாம், ஆனால் காற்சட்டையின் தையலை அங்கே கொஞ்சம் பிரிக்கவேண்டி வரும். மேலாடைக்குக் கைகளைக் கழற்றிவிட்டு, உடலில் சேட்டை மாட்டி, கையைக் கழுத்து வழியாக உள்ளே விட்டுச் சட்டைக்கையில் இறக்கி மூட்டில் பூட்டுங்கள். கையோடு சேர்த்து இழுத்து மாட்டுவதால்தான் விரல்கள் உடைகின்றன, தையலும் பிரிகிறது.

ஊசி: முதுகின் நடுக்கோட்டில் மட்டும். இடையில் தொடங்கி மேலே போங்கள், பிறகு கீழே. இரண்டு பக்கமும் ஒரே அளவு துணியை இழுத்து மடிக்கவேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கப் பொத்தான் வரிசை வளைந்துவிடும். பட்டிலும் மெல்லிய ஷிபோனிலும் ஊசி ஓட்டை நிரந்தரமாக நிற்கும். அங்கே ரிசு பேப்பரை வைத்து அதன் மேல் கிளிப் போடுங்கள். சாதாரண இரும்பு ஊசி இந்தக் கரையோரக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி விடும். கறை பட்ட உடுப்பைப் பிறகு விற்கவும் முடியாது.

நிரப்புதல்: சட்டைக்கைக்குள்ளும் மார்பு மடிப்புக்குள்ளும் ரிசு பேப்பரைத் தளர்வாகக் கசக்கி வையுங்கள். இறுக்கி அடைத்தால் தலையணை போலாகிவிடும்.

சாறி சரிகிறது என்றால்: பொம்மையின் இடை வழுக்கும். அலுமாரித் தட்டில் போடும் றப்பர் வலை விரிப்பை மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டி இடையில் சுற்றுங்கள். அதன் மேல் உள்பாவாடையை நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். ஐந்தரை மீற்றர் சாறியில் கொசுவம் ஐந்து முதல் ஏழு வரை, ஒவ்வொன்றும் நாலு, ஐந்து அங்குலம் இருக்கட்டும். முந்தானை முழங்கால் வரையாவது வரவேண்டும். வாங்க வருபவர் முதலில் தேடுவது முந்தானையைத்தான், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டாம். வலப்புறமாகத் திருப்பி முன்னுக்கு விரித்து, தங்கூசியால் சீலிங்கிலிருந்து மெதுவாகத் தூக்கிக் கட்டலாம்.

அபாயா, நீள் அங்கி: இவற்றுக்குத் தலையில்லாத அல்லது முகமில்லாத பொம்மையை விரும்பும் வாடிக்கையாளர்கள் காத்தான்குடி, ஏறாவூர், மருதமுனைப் பக்கம் நிறையப் பேர். புதிதாக வாங்குவதாக இருந்தால் இதை மனதில் வைத்தே வாங்குங்கள். அபாயாவின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கவேண்டும். தரையில் புரண்டால் ஒரு கிழமையில் தூசிக்கோடு விழும். கறுப்பின் மேல் கறுப்பு வேலைப்பாடு நேர்முன் வெளிச்சத்தில் தெரியாது, பக்கவாட்டிலிருந்து சாய்வாக லைட் விழவேண்டும்.

ஆடுகிறது: அடித்தட்டுத் திருகாணியை இறுக்குங்கள். தரை மேடுபள்ளம் என்றால் தட்டின் கீழ் மட்டை வையுங்கள். கம்பி போகும் துளை தளர்ந்திருந்தால் சாமான்கடையில் கிடைக்கும் இரண்டு பகுதிப் பசை போதும். பொம்மையின் உடல் வெடித்திருந்தால் வாகன பெயின்ற் அடிக்கும் இடத்தில் பட்டி வைத்துத் தருவார்கள். இடுப்பு மூட்டே உடைந்துவிட்டால் மாற்றவேண்டியதுதான். குழந்தைகள் இழுத்தால் ஆள்மேல் விழும் பொம்மையை ஒருநாளும் கடைக்குள் நிற்கவிடாதீர்கள்.

அறிகுறி 3: "கடைக்குள் பார்த்த நிறம் வீட்டில் இல்லை" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள்

ஒரு வெள்ளைச் சேட்டை ஒவ்வொரு பல்பின் கீழும் பிடித்துப் போனில் படம் எடுங்கள். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை அடித்தால் பல வகை பல்ப் கலந்திருக்கின்றன. பல்ப் ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது கிடைத்ததை வாங்கிப் போட்டதன் விளைவு இது. ஒரே பகுதியில் ஒரே வகை பல்பாக இடம் மாற்றினாலே பாதி தீரும், செலவும் இல்லை.

எல்லாம் ஒரே வகை, ஆனாலும் சரிகை சாம்பலாகவும் சிவப்பு செத்தும் தெரிகிறது: 6500 கெல்வின் வெள்ளை பல்ப். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். வீட்டுக்கு வாங்கும் அதே பல்பைக் கடைக்கும் போடுவதால் வருவது. சாறி, சரிகை, தங்கநிற வேலைப்பாடு உள்ள பக்கத்துக்கு 3000 முதல் 3500 கெல்வின். சேட், பாடசாலை வெள்ளை உடுப்பு, சாரம் இருக்கும் பக்கத்துக்கு 4000 கெல்வின். பெட்டியில் நிறம் காட்டும் குறியீடாக "ஆர்ஏ" என்றோ "சீஆர்ஐ" என்றோ ஓர் எண் இருக்கும். அது 90 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். 80க்குக் கீழே உள்ளதை உடுப்புக் கடைக்கு வாங்கவே வேண்டாம்.

வெளிச்சம் உண்டு, ஆனால் பொம்மை தட்டையாகத் தெரிகிறது: லைட் தலைக்கு நேர்மேலே இருக்கிறது. 10 அடி உயரச் சீலிங் என்றால் ஸ்பொட் லைட் பொம்மைக்கு மூன்றடி முன்னால் இருந்து, ஏறக்குறைய 30 பாகை சாய்ந்து, மார்பில் விழவேண்டும். 36 பாகை விரிவுள்ள பல்ப் அந்தத் தூரத்தில் சுமார் நாலடி அகலம் காட்டும். 24 பாகை இரண்டேமுக்கால் அடிக்குக் குறுகும். மேலுடல் மட்டும் எடுபடவேண்டுமானால் 24, சாறி முழுவதும் வேண்டுமானால் 36. ஒரு பொம்மைக்கு 7 முதல் 12 வாட் எல்.ஈ.டி போதும். சுற்றியுள்ள வெளிச்சத்தைவிடப் பொம்மைமேல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். அதற்குப் புது லைட் போடுவதைவிடச் சுற்றியுள்ள ரியூப்லைட்டில் ஒன்றை அணைத்துப் பாருங்கள்.

எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் நிறம் கேட்கும் வாடிக்கையாளரைக் கையோடு வாசலுக்குக் கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள்.

அறிகுறி 4: ஷோகேசில் வைத்தது வெளிறிப் போகிறது

மடிப்பு விளிம்பில் மட்டும் வெளிறியிருந்தால் அதிக நாள் விட்டுவிட்டீர்கள். மேற்குப் பார்த்த ஷோகேசில் ஏழு நாளுக்கு மேல் ஒரே உடுப்பு வேண்டாம். கிழக்குப் பக்கத்தில் பத்து நாள். சிவப்பு, ஊதா, கடும் இளஞ்சிவப்பு, கைத்தறிச் சாயங்கள் முதலில் போகும். மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சாறியும் வைக்கும்போது அந்த நிறங்களைக் கண்ணாடிக்குக் கிட்ட வைக்காதீர்கள்.

புது வகைத் துணி வந்தால் ஒரு சோதனை செய்யலாம். சின்னத் துண்டை எடுத்துப் பாதியைக் கறுப்பு மட்டையால் மூடி, பத்து நாள் கண்ணாடி ஓரம் வையுங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது ஷோகேஸ் துணி இல்லை.

சரியான இடைவெளியில் மாற்றியும் வெளிறினால் புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான பிலிம் ஒட்டலாம். வாகனக் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டும் கடைக்காரர்கள் செய்வார்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும் என்பதால் பிலிம் வெளிறலைத் தாமதிக்கும், நிறுத்தாது.

அறிகுறி 5: ஆள் வருகிறது, வாசலோடு திரும்புகிறது

ஒரு மணிநேரம் கணக்கெடுங்கள். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, பின்சுவர் வரை போனவருக்குக் கோட்டின் மேல் ஒரு குறுக்கு. பாதிக்கும் குறைவாகக் குறுக்கு விழுந்தால் உள்ளமைப்பில் கோளாறு.

வாசலிலேயே நின்றால்: முதல் மூன்று நாலடிக்குள் மலிவுக் கூடை, ஹேங்கர் ஸ்டாண்ட், காசுமேசை எல்லாம் நெருக்கிக் கிடக்கும். வெயிலிலிருந்து வருபவரின் கண் உள் வெளிச்சத்துக்குப் பழக அந்த இடம் வெறுமையாக இருக்கவேண்டும்.

நடுவில் திரும்பினால்: வழியை அளந்து பாருங்கள். ஒருவர் போக மூன்றடி, பையோடும் பிள்ளையோடும் இருவர் விலகிப்போக நாலடி. பின்னால் ஆள் உரசும் இடத்தில் எந்தப் பெண்ணும் நின்று துணியை விரித்துப் பார்க்கமாட்டார். ஒரு ஸ்டாண்டை எடுத்துக் களஞ்சியத்தில் வையுங்கள்.

வழி சரி, பின்பக்கம் ஆளில்லை: பின்சுவர் இருட்டு. கடையின் மிகப் பிரகாசமான இடம் அதுவாக இருக்கட்டும். நல்ல சாறி ஒன்றை அங்கே விரித்து, ஆள் உயரக் கண்ணாடியையும் அங்கேயே வையுங்கள். உடுத்திப் பார்க்கும் அறைக்குத் திரை போதாது. உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். அது இல்லாததாலேயே உடுத்திப் பாராமல் போகும் பெண்கள் பலர்.

கடைக்குள் வருபவர் வலப்பக்கமே திரும்புவார் என்று படித்துக்கொடுப்பார்கள். அதை அப்படியே நம்பி முதலைப் போடவேண்டாம். உங்கள் வாசல், படி, காசுமேசை எங்கே என்பதைப் பொறுத்து அது மாறும். மேலே சொன்ன கணக்கிலேயே அதையும் குறியுங்கள்.

அறிகுறி 6: தொட்டுப் பார்க்கிறார்கள், எடுப்பதில்லை

பைப்பில் இரண்டு ஹேங்கருக்கு நடுவில் கையை விடுங்கள். உள்ளங்கை நுழையாவிட்டால் நெரிசல். நாலடி பைப்பில் மெல்லிய சேட் 35க்கு மேல் வேண்டாம், வேலைப்பாடு உள்ள சுரிதார் என்றால் 20. ஹேங்கர் கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும், அளவு இடமிருந்து சின்னதில் தொடங்கட்டும், நிறம் வெளிரிலிருந்து கடும் நிறத்துக்குப் போகட்டும். பூப்போட்டதையும் வெறுநிறத்தையும் கலக்காதீர்கள். மடித்து அடுக்கும் சேட் ஓர் அடுக்கில் எட்டுக்கு மேல் போனால் கீழே இருப்பதை யாரும் இழுக்கமாட்டார்கள்.

இவ்வளவும் சரி என்றால் விலையைப் பாருங்கள். விலைத் துண்டு சட்டைக்கைக்குள் ஒளிந்திருந்தால், கேட்க வெட்கப்பட்டே வைத்துவிட்டுப் போவார்கள். விலையைக் காட்டுவது சட்டப்படியும் கடமை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அலுவலர்கள் பார்க்கும் விடயங்களில் அதுவும் ஒன்று.

அறிகுறி 7: மழைக்காலத்தில் மணம், புள்ளி, துருக்கறை

கார்த்திகை, மார்கழியில் இந்தக் கரையோரம் முழுவதும் வரும் கோளாறு இது. முதலில் கறையைப் பிரித்தறியுங்கள்.

ஹேங்கர் தோளில் பழுப்புக்கோடு: துரு. கம்பி ஹேங்கர்களை எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக்கோ மரமோ போடுங்கள். குரோம் பைப்பைக் கிழமைக்கொரு தரம் காய்ந்த துணியால் துடைத்து, கார் மெழுகை மெல்லப் பூசித் தேய்த்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் பூசுபவர்கள் உண்டு, அது துணியில் ஒட்டும். பூச்சு உரிந்து உள்ளே துரு தெரிந்தால் 304 தர ஸ்ரெயின்லெஸ் பைப்புக்கு மாறுவதுதான் வழி. வெள்ளைப் பருத்தியில் புதிதாகப் பட்ட கறைக்கு எலுமிச்சம்புளியும் உப்பும் வைத்து வெயிலில் விட்டு அலசலாம். குளோரின் வேண்டாம், கறை இன்னும் இறுகும். பட்டுக்கும் நிறத்துணிக்கும் எதையும் வைக்காமல் உலர்சலவைக்காரரிடம் கொடுங்கள்.

சாம்பல் அல்லது கறுப்புப் புள்ளி, பழைய மணம்: பூஞ்சணம். பொலித்தீன் உறைகளைத் திறந்து, ஈரமில்லாத நாளில் வெளியே நிழலில் காயவிட்டுத் தூரிகையால் தட்டுங்கள். கடைக்குள் தட்டினால் மற்ற உடுப்புக்கும் பரவும். திரும்ப உறையிடும்போது கீழே இரண்டு துளை போடுங்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் இரண்டு அங்குலம், கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் ஆறு அங்குலம் இடைவெளி விடுங்கள். பூச்சி உருண்டையைச் சரிகையில் நேரே படவிடாமல் துணியில் முடிந்து வையுங்கள். பகலில் ஏ.சி போட்டு இரவில் மூடிவிடும் கடைகளில் குளிர்ந்த துணியின் மேல் ஈரக்காற்று வந்து படிகிறது. மூடுவதற்கு அரை மணிக்கு முன் ஏ.சியை நிறுத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள்.

ஒரே சுவரில் திரும்பத் திரும்ப வந்தால்: ஓர் அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் ஈரம் என்றால் சுவர் ஊறுகிறது, மேசனைக் கூப்பிடுங்கள். கடைப்பக்கம் ஈரம் என்றால் காற்றின் ஈரம். சிலிக்கா பொதி போதாவிட்டால் ஈரம் இழுக்கும் கருவி வாங்கவேண்டி வரும்.

அறிகுறி 8: இறாக்கை வளைகிறது, லைட் மினுங்குகிறது

18 மி.மீ பலகை மூன்றடிக்கு மேல் தாங்குதல் இல்லாமல் போனால் வளையும். நடுவில் ஒரு தாங்கி போதும். பலகை ஊறி உப்பியிருந்தால் திருப்பிப் போட்டும் பயனில்லை, ஓடாவியாரிடம் புதிதாக வெட்டுங்கள். வளைந்த கண்ணாடித் தட்டை உடனே இறக்குங்கள், மறுநாளைக்கு விடவேண்டாம்.

ஒரு லைட் மட்டும் மினுங்கினால் பல்பை மாற்றிப் பாருங்கள். புது பல்பும் மினுங்கினால் அந்த லைட்டின் டிரைவரோ (பல்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி) இணைப்போ பழுதாக இருக்கலாம். பல லைட் ஒன்றாக மினுங்கினால், சுவிட்ச் சுட்டால், கருகல் மணம் வந்தால், ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், அங்கேயே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். துணி நிறைந்த இடத்தில் எக்ஸ்ரென்சன் வயரில் ஸ்பொட் லைட்டுகளைக் கோர்ப்பது தீயை அழைப்பது. மின்வேலைக்காரர் வருமுன் பொம்மைகள் நிற்கும் இடத்தையும் லைட் வரவேண்டிய இடத்தையும் தரையில் சோக்கால் குறித்துவையுங்கள். வயர் எங்கே இறங்கவேண்டும் என்று அவர் ஊகிக்கத் தேவையிராது.